நத்தாருக்கு ஊர் போகாதவர்கள்

நல்ல நாள், பெருநாள் நெருங்கினால் நம் வீடுகளிலே முதலில் எழும் கேள்வி, “பிள்ளை எப்போது வருகிறான்?” என்பதுதான். பலகாரச் சட்டியின் வாசனையும், புதுத்துணியின் மடிப்பும், படலையைத் திறக்கும் ஓசையும் ஒன்றுசேர்ந்தால்தான் அது பெருநாள். வரவேண்டியவர் வராத வீட்டிலே பானை பொங்கினாலும் மனம் பொங்குவதில்லை. தாயின் ஏக்கத்தை ஊர் அறியும். ஆனால், வரமுடியாமல் எங்கோ ஒரு தூர தேசத்திலே தங்கிவிட்ட அந்தப் பிள்ளையின் ஏக்கத்தை அறிந்தவர் யார்?

அப்படித் தங்கிவிட்டவர்களுள் ஒரு வகையினரைப் பற்றி இவ்வாரம் நேயர்களுடன் பேச விரும்புகின்றோம். இருபது, இருபத்தைந்து வயதிலே, தாம் கொண்ட சமயத்தின் பணிக்கென்று கடல் கடந்து சென்ற இளம் மிஷனரிமாரே அவர்கள். பொருள் தேடிப் போனவன் பொருள் சேர்ந்ததும் திரும்பலாம்; படிக்கப் போனவன் பட்டம் பெற்றதும் திரும்பலாம். அக்காலத்து மிஷனரிக்கோ திரும்பும் நாள் எவராலும் குறித்துக் கொடுக்கப்படவில்லை. ஊரிலே உற்றார் கூடியிருக்கும் பெருநாட்களை அவர் அந்நியர் நடுவிலே கழித்தார். அந்நியரிலே சிலர் நண்பராயினர். நண்பரிலே சிலர் உறவினரே ஆயினர். அந்த மாற்றம் எவ்வாறு நிகழ்ந்தது என்பது, பிள்ளைகளைப் பிறநாட்டிலே விட்டிருக்கும் இன்றைய பெற்றோர் அறிந்திருக்க வேண்டிய செய்தியாகும்.

இதைப் பேசப் பூவரசங்குளத்துக்கு உரிமையுண்டு. வவுனியாவிலிருந்து மன்னார் நோக்கிச் செல்லும் வீதியிலே, குளமும் வயலும் காடும் சூழ அமைந்த ஊர் இது. யூலையிலும் ஆகஸ்டிலும் மடு மாதாவின் திருவிழாவுக்குச் செல்லும் யாத்திரிகர்கள் இவ்வழியே போவர். அவர்கள் தேடிச் செல்லும் அந்த ஆலயத்தைக் காட்டின் நடுவே கட்டியெழுப்பியவர்களுள் கடல் கடந்து வந்த குருமாரும் இருந்தனர். வழிப்போக்கனுக்குத் தண்ணீர்ப் பந்தல் வைப்பது நம்மவர் வழக்கம். வந்தவன் எந்த ஊரவன், எந்தச் சமயத்தவன் என்று பந்தலிலே எவரும் கேட்பதில்லை.

கஞ்சி கொடுத்த கை

இலங்கைத் தமிழகத்தின் மிஷனரி வரலாற்றிலே முதலில் நினைவுக்கு வருபவர் யோசேப் வாஸ் அடிகள். கோவாவைச் சேர்ந்த இவர், 1687ஆம் ஆண்டிலே ஏழைக் கூலியாளின் வேடத்தில் யாழ்ப்பாணத்தை அடைந்தார். அப்போது யாழ்ப்பாணத்தை ஆண்ட ஒல்லாந்தர் கத்தோலிக்க வழிபாட்டைத் தடைசெய்திருந்தனர். வந்திறங்கியவுடனேயே வயிற்று நோய் அவரைப் படுக்கையில் தள்ளிற்று. கேட்பாரற்றுக் கிடந்த அவருக்கு ஒரு பெண் கஞ்சி கொடுத்து உயிர் காத்தாள் என்று அவருடைய வரலாறு கூறுகின்றது. பின்னர் சில்லாலை என்னும் கிராமத்தார் அவருக்கு அடைக்கலம் அளித்தனர்.

அக்காலத்திலே நத்தார் விழாவை நண்பர் வீட்டிலே கழிப்பதென்பது விளையாட்டான காரியமன்று. 1689ஆம் ஆண்டு நத்தார் இரவிலே வழிபாட்டுக்கென வீடுகளிற் கூடியிருந்த கத்தோலிக்கர்களை ஒல்லாந்தப் படையினர் சுற்றிவளைத்துச் சிறைப்பிடித்தனர். விருந்தினரை ஏற்ற குற்றத்துக்காக விருந்தளித்தவர்கள் தண்டனை அடைந்தனர். வாஸ் அடிகள் தப்பித்தார். புத்தளத்துக்கும், அப்பாற் கண்டி இராச்சியத்துக்கும் சென்றார். தாய்நாட்டை மீண்டும் காணாமலே 1711ஆம் ஆண்டு கண்டியில் உயிர் நீத்தார். 2015ஆம் ஆண்டு சனவரி 14ஆம் திகதி பாப்பரசர் பிரான்சிஸ் கொழும்பிலே அவரைப் புனிதராக அறிவித்துவிட்டு, அன்று பிற்பகலே மடுத் திருத்தலத்துக்கு வந்தார். அன்று கூடிய பெருங்கூட்டத்தில் எத்தனை பேர் அந்தக் கஞ்சியை நினைத்திருப்பார்கள்? புனிதரின் பெயரை உலகம் அறியும். கஞ்சி கொடுத்த கையின் பெயரை எந்த ஏடும் எழுதி வைக்கவில்லை.

இதிலே ஓர் உண்மை இருக்கின்றது. மிஷனரிகளின் வரலாறு என்று நாம் படிப்பவற்றிலே பாதி, அவர்களை ஏற்றுக்கொண்ட வீடுகளின் வரலாறாகும். அந்தப் பாதி பெரும்பாலும் எழுதப்படாமலே போயிற்று.

ஆண்டுக் கணக்கிலே ஒரு கடிதம்

ஒல்லாந்தர் போய் ஆங்கிலேயர் வந்த பின்னர் மிஷனரிமார் வெளிப்படையாக வரலாயினர். 1813ஆம் ஆண்டு முடியும் தறுவாயிலே, தோமஸ் கோக் என்னும் முதியவரின் தலைமையில் ஆறு இளம் வெஸ்லியன் போதகர்கள் இங்கிலாந்திலிருந்து கப்பலேறினர். வழியிலே, 1814ஆம் ஆண்டு மே மாதம் 3ஆம் திகதி, கோக் இந்து சமுத்திரத்தின் நடுவே காலமானார். தலைவரைக் கடலுக்குக் கொடுத்துவிட்டு, அவ்வாண்டு யூன் 29ஆம் திகதி ஐவர் காலித் துறைமுகத்தில் இறங்கினர். ஒன்றாக வந்தவர்கள் அங்கே ஊர்களைப் பங்கிட்டுக்கொண்டு பிரிந்தனர். லிஞ்ச், ஸ்குவான்ஸ் இருவரும் யாழ்ப்பாணத்துக்கும், ஓல்ட் மட்டக்களப்புக்கும், எர்ஸ்கின் மாத்தறைக்கும் போயினர். கிளவ் காலியிலேயே தங்கினார். ஆறாமவராகிய ஹார்வார்ட் பம்பாயிலே தங்கி அடுத்த ஆண்டு வந்துசேர்ந்தார்.

இவர்களுள் வில்லியம் ஓல்ட்டின் கதை நெஞ்சை உருக்குவது. உடன்வந்த மனைவியைக் கப்பலிலேயே நோய்க்குப் பறிகொடுத்து, தனியராக மட்டக்களப்பை அடைந்தார் அவர். சில மாதங்களுக்குள்ளே பள்ளிக்கூடங்களைத் தொடங்கினார். மட்டக்களப்பு மெதடிஸ்த மத்திய கல்லூரி தன் வரலாற்றை 1814ஆம் ஆண்டிலிருந்தும் அவரிலிருந்துமே தொடங்குகின்றது. ஆனால் 1815ஆம் ஆண்டு ஏப்ரல் 1ஆம் திகதி அவரும் மறைந்தார். கணக்கிட்டுப் பார்த்தால், இலங்கையிலே அவர் கண்ட நத்தார் ஒன்றே ஒன்றுதான். மனைவியில்லை, தலைவரில்லை, உடன்வந்த தோழர்களோ வெவ்வேறு கரைகளிலே. மாரி மழையும் வாவியும் சூழ்ந்த புளியந்தீவிலே அந்த ஒரு நத்தாரை அவர் எவ்வாறு கழித்தார் என்று எண்ணும்போது, எச்சமயத்தவருக்கும் மனம் இளகாமல் இராது.

தோழர்களிலே மற்றவர்களுக்கு ஊரவர் கைகொடுத்தனர். இருபத்துமூன்று வயது இளைஞரான பெஞ்சமின் கிளவ்வுக்குக் காலியின் மகா முதலியார் தமது வீடொன்றைக் கொடுத்துதவினார். யாழ்ப்பாணம் சென்ற இருவருக்கும் முன்னரே அங்கே ஓர் அரிய மனிதர் இருந்தார். தஞ்சாவூர்த் தமிழரும், புகழ்பெற்ற சுவார்ட்ஸ் ஐயரின் மாணவருமான கிறிஸ்தியான் தாவீது 1801ஆம் ஆண்டிலிருந்து யாழ்ப்பாணத்திலே பணிபுரிந்து வந்தார். கடல் கடந்து வந்த மிஷனரி என்றால் வெள்ளையர் என்றே எண்ணிப் பழகிவிட்ட நமக்கு இது நினைவூட்டப்பட வேண்டிய செய்தி. தமிழரும் மிஷனரியாகப் பிறநாடு சென்றனர். தாம் முன்னே தனித்திருந்து அறிந்தமையால் பின்னே வந்தவரை வரவேற்கவும் அறிந்திருந்தனர்.

அக்காலத்துத் தனிமையின் அளவை இன்று உணர்வது எளிதன்று. 1815ஆம் ஆண்டு ஒக்டோபர் 23ஆம் திகதி அமெரிக்காவின் நியூபரிபோட் துறையிலிருந்து ‘டிரையட்’ என்னும் கப்பல் புறப்பட்டது. வாரன், றிச்சட்ஸ், பூர், மெய்க்ஸ், பாட்வெல் ஆகிய மிஷனரிமார் அதிலே இருந்தனர். அக்கப்பல் கொழும்பை அடைந்தது 1816ஆம் ஆண்டு மார்ச் 22ஆம் திகதி. ஐந்து மாதப் பயணம்! ஆகவே அவ்வாண்டு நத்தார் அவர்களுக்குக் கடலின் நடுவிலே கழிந்தது. கப்பலுக்கு ஐந்து மாதமென்றால் கடிதத்துக்கும் அதுவே. “அம்மா, நலமா?” என்று நத்தார் நாளிலே எழுதினால், தாயின் கையில் அது வைகாசியிலே கிடைக்கும், பதில் வர அடுத்த நத்தார் நெருங்கிவிடும். சூயஸ் கால்வாய் திறக்கப்பட்டது 1869ஆம் ஆண்டில்தான். அதுவரை நன்னம்பிக்கை முனையைச் சுற்றி வந்த செய்திகளிலே, தாய் உயிரோடிருக்கிறாள் என்ற செய்தி வாசிக்கப்படும்போது அது உண்மையாக இருக்கும் என்பதற்கே உறுதி இல்லை.

நத்தார் கொண்டாடாத கிறிஸ்தவர்

யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷனரிமாரைப் பற்றி ஒரு வியப்பான உண்மை உண்டு. அவர்களுட் பலர் தம் வீட்டிலே நத்தாரை விழாவாகக் கொண்டாடிப் பழகாதவர்கள். அவர்கள் பிறந்த நியூ இங்கிலாந்துப் பகுதி தூய்மைவாதக் கிறிஸ்தவர்களின் நாடு. வேதத்திலே சொல்லப்படாத விழா வேண்டாமென்பது அன்னாரின் கொள்கை. மாசச்சூசெற்ஸ் குடியேற்றத்திலே 1659ஆம் ஆண்டு நத்தார் கொண்டாடுவோருக்கு ஐந்து ஷில்லிங் தண்டமே விதித்திருந்தனர். அச்சட்டம் 1681ஆம் ஆண்டு நீக்கப்பட்டது. ஆயினும் அந்நாளை அரசாங்க விடுமுறையாக அம்மாநிலம் ஏற்றது 1856ஆம் ஆண்டில்தான்.

அப்படியானால் அவர்களுக்குப் பெருநாளே இல்லையா? இருந்தது. கார்த்திகை மாத முடிவை ஒட்டி வரும் நன்றி கூறும் நாளிலே, அறுவடை முடிந்த வீடுகளில் உறவினர் யாவரும் கூடுவர். நம் தைப்பொங்கலின் உடன்பிறந்த விழா என்று அதைச் சொல்லலாம். யாழ்ப்பாணத்து வெயிலிலே அந்த நாள் வந்துபோகும்போது, வீட்டு நினைவு அவர்களை வாட்டியிருக்கும் என்பதிலே ஐயமில்லை.

அந்த வெறுமையை நிரப்ப அவர்கள் கண்ட வழி எளியது. அக்காலத்து மிஷனரிமார் உலகெங்கும் மாதத்தின் முதல் திங்கட்கிழமையைக் கூட்டுப் பிரார்த்தனைக்கு ஒதுக்கியிருந்தனர். யாழ்ப்பாணத்திலும் அந்த நாள் நண்பர் கூடும் நாளாயிற்று. தெல்லிப்பழையிலிருந்தும் வட்டுக்கோட்டையிலிருந்தும் அமெரிக்கர் வருவர். பட்டினத்திலிருந்து வெஸ்லியன் போதகர் வருவர். நல்லூரிலே இங்கிலாந்துத் திருச்சபை மிஷனை நடத்திய யோசேப் நைற் வருவார். ஒல்லாந்த வழிவந்த அரசாங்க உத்தியோகத்தரான மூயாட் இவர்கள் யாவர்க்கும் நண்பர். அமெரிக்காவும் இங்கிலாந்தும் 1812ஆம் ஆண்டுதான் போர் தொடங்கி 1815இலே ஓய்ந்திருந்தன என்பதை இங்கே நினைக்க வேண்டும். அரசுகள் பகைத்தன, பிள்ளைகள் ஒரே மேசையில் அமர்ந்தனர்.

இந்த நட்பு எவ்வளவு தேவையாயிருந்தது என்பதை 1820ஆம் ஆண்டு காட்டிற்று. அவ்வாண்டு, இலங்கையின் ஆட்சியை நடத்திய எட்வேட் பான்ஸ், அமெரிக்க மிஷனுக்குப் புதியவர் எவரும் வரக்கூடாது என்று தடைவிதித்தார். அச்சுவேலைக்கென வந்த காரற் என்பவர் நாட்டைவிட்டு அனுப்பப்பட்டார். தடை நீங்கியது 1833இல். பதின்மூன்று ஆண்டுகள் புதிய முகம் ஒன்றுகூட வரவில்லை. இருந்தவர்களிலோ ஒவ்வொருவராகக் குறைந்தனர். வாரன் 1818இலே கேப்டவுனில் மறைந்தார். பூரின் மனைவி 1821இலும், றிச்சட்ஸ் 1822இலும் காலமாயினர். பெருநாள்தோறும் கூடும் மேசையிலே நாற்காலிகள் காலியாகிக்கொண்டே போவதை இருந்தவர்கள் பார்த்திருந்தனர்.

அப்பொழுதுதான் அவர்களுடைய பார்வை தம்மவரைக் கடந்து ஊரவர்பால் முழுமையாகத் திரும்பியது என்று நாம் கருதுகின்றோம். 1823ஆம் ஆண்டு வட்டுக்கோட்டையிலே செமினரி எழுந்தது. 1824இலே உடுவிலிற் பெண்கள் விடுதிப் பாடசாலை எழுந்தது. உறவுக் கூட்டத்தைத் தாய்நாட்டிலிருந்து வரவழைக்க முடியாதபோது, அவர்கள் அதை இங்கேயே வளர்க்கத் தொடங்கினர்.

“ஊருக்குப் போக நேரமில்லை”

உடுவிற் பாடசாலையை நிறுவிய ஹரியற் வின்ஸ்லோ அம்மையார் 1820இலே யாழ்ப்பாணம் வந்தவர். இவர்களுக்கு நேர்ந்த சோதனைகளிற் கொடியது பிள்ளைகளைப் பிரிவது. வெப்பநாட்டுக் காய்ச்சலுக்கும் கல்விக் குறைவுக்கும் அஞ்சி, பத்து வயது அளவிலே பிள்ளைகளை அமெரிக்காவுக்கு அனுப்பிவிடுவது மிஷனரிமார் வழக்கம். தாம் பெற்றோரைப் பிரிந்தது போதாதென்று, பெற்ற பிள்ளைகளையும் பிரிந்தனர். வின்ஸ்லோ தம்பதியரின் மூத்த மகன் சாள்ஸ், அவ்வாறு அனுப்பப்பட்ட சிறிது காலத்திலே, 1832ஆம் ஆண்டு பதினொரு வயதில் அமெரிக்காவில் இறந்தான். அடுத்த ஆண்டு சனவரி 14ஆம் திகதி தாயும் உடுவிலிலே காலமானார். பின்னாளில் அவருடைய தங்கையர் மூவரும் மிஷனரிமாரின் மனைவியராய் இப்பகுதிகளுக்கு வந்தனர். அக்காளுடன் ஒரு பெருநாளைக் கழிக்க அவர்களுக்குக் கொடுத்துவைக்கவில்லை.

அதே உடுவிலிலே 1840ஆம் ஆண்டு வந்து சேர்ந்தவர் எலைசா அக்னியூ அம்மையார். மணமாகாதவர். நியூயோர்க் நகரிலே பிறந்தவர். நாற்பது ஆண்டளவு அப்பாடசாலைக்குத் தலைமை தாங்கினார். ஆயிரத்துக்கு மேற்பட்ட பெண்களுக்கு ஆசிரியையானார். முதலிற் படித்த மாணவியரின் மகளும், பின்னர் பேர்த்தியும் அவரிடம் படித்தனர். “ஓய்வெடுக்க அமெரிக்கா போகவில்லையா?” என்று நண்பர் கேட்கும்போதெல்லாம், அதற்குத் தமக்கு நேரமில்லை, வேலை அதிகம் என்றே அவர் விடையளித்தார் என்று உடன்பணியாற்றியோர் எழுதிவைத்துள்ளனர். 1883ஆம் ஆண்டு மானிப்பாயிலே மறையும்வரை, நாற்பத்துமூன்று ஆண்டுகளில் ஒருமுறையேனும் அவர் தாய்நாடு செல்லவில்லை. ஆயிரம் மகளிரின் தாய் என்று அவரை அழைத்தனர்.

அவருடைய விடையை நாம் சற்று நின்று எண்ண வேண்டும். நேரமில்லை என்பது வெறும் சாட்டா? தனிமைக்கு அஞ்சியவர் இப்படிச் சொல்லார். ஊர் என்பது எங்கே என்ற கேள்விக்கு அவருடைய மனம் எப்போதோ விடை கண்டுவிட்டது. போகவேண்டிய வீடு வேறொன்று இல்லாதவர் விடுமுறைக்கு எங்கே போவார்?

பாஷை என்னும் வாசல்

இந்த உறவு எல்லாருக்கும் கைகூடவில்லை. கைகூடியவர்களைக் கூர்ந்து நோக்கினால், அவர்கள் யாவரும் தமிழ் என்னும் வாசலாலே உள்ளே வந்தவர்கள் என்பது புலனாகும். 1826இலே இருபத்துமூன்று வயதில் இலங்கை வந்த பீற்றர் பேர்சிவல், தமிழைக் கற்றதோடு நில்லாமல் நம் பழமொழிகளைத் திரட்டி நூலாக்கினார். பழமொழி திரட்டுபவன் திண்ணையிலும் வயல்வரம்பிலும் சந்தையிலும் காதைத் தீட்டிக்கொண்டு இருக்க வேண்டும். நல்லூர் ஆறுமுகநாவலர் அவரிடம் படித்து, அவருடைய பாடசாலையிலே கற்பித்து, வேதாகம மொழிபெயர்ப்பிலே அவருக்குத் துணைநின்றார். 1848ஆம் ஆண்டு நாவலர் அப்பணியை விட்டு விலகிச் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். கிறிஸ்தவப் பிரசாரத்தை எதிர்த்துச் சைவத்தை நிலைநிறுத்தினார்.

இதை மறைத்துப் பேசுவது முறையன்று. மிஷனரிமார் நம்மவரின் சமயத்தை மாற்றவே வந்தனர். நம் கோயில்களையும் வழிபாட்டையும் கடுஞ்சொல்லாற் பழித்தவர்களும் அவர்களிலே உண்டு. சைவ வீடுகள் அதை அறிந்திருந்தன. வேண்டிய இடத்திலே எதிர்த்தும் நின்றன. ஆயினும் அதே வீடுகள் பசித்து வந்த பாதிரியாருக்கு மோரும், காய்ச்சலிற் கிடந்தவருக்குக் கஞ்சியும் கொடுக்கத் தவறவில்லை. கொள்கையிலே ஒத்துப்போகாதவனுக்கும் விருந்தோம்பலாம் என்பதே நம் பண்பாட்டின் பெருமை. பேர்சிவலும் நாவலரும் ஒரு நூலுக்காகப் பல ஆண்டு ஒன்றாய் உழைத்ததை நினைத்தால், வாதத்துக்கும் நட்புக்கும் ஒரே திண்ணையில் இடமிருந்தது தெரியும்.

வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீனும் அத்தகையவர். 1847ஆம் ஆண்டு இருபத்தைந்து வயது இளைஞராய், மணமாகாதவராய் வந்தார். மானிப்பாயிலே ஆஸ்பத்திரியை அமைத்தார். மேனாட்டு வைத்தியத்தைத் தமிழிலேயே கற்பிக்க வேண்டுமென்று துணிந்து, நாலாயிரம் பக்கங்களுக்கு மேல் தமிழில் ஆக்குவித்தார். அறுபதுக்கு மேற்பட்ட வைத்தியர்களைப் பயிற்றினார். 1873இலே உடல்நலம் கெட்டு அமெரிக்கா திரும்பிய பின்னரும் தமிழ் நூல் வேலையை விடவில்லை. தம் கல்லறையிலே தமிழருக்கு வைத்திய ஊழியர் என்று பொறிக்கும்படி அவரே சொல்லிவைத்தார். ஊருக்குத் திரும்பியவருக்கும் மனம் இங்கேயே தங்கியிருந்தது.

மலையேறிய விடுமுறை

இதற்கு மாறான வழியொன்றும் இருந்தது. யாழ்ப்பாண அமெரிக்க மிஷனின் கிளையாக 1834ஆம் ஆண்டு மதுரை மிஷன் தொடங்கிற்று. மதுரையின் வெப்பமும் கொள்ளைநோயும் மிஷனரிக் குடும்பங்களிலே பலரைக் கொண்டுபோயின. மலைக்குப் போனால் உயிர் பிழைக்கலாமென்று முதலிற் சிறுமலையை நாடினர். அங்கே மலைக்காய்ச்சல் விடவில்லை. பின்னர் பழனி மலையேறி, 1845ஆம் ஆண்டு கோடைக்கானலிலே இரண்டு வீடுகளைக் கட்டினர். இன்று புதுமணத் தம்பதியரும் பள்ளிப் பிள்ளைகளும் உல்லாசமாய்ச் சுற்றும் கோடைக்கானல் நகரம் இவ்வாறு மிஷனரிமாரின் விடுமுறைக் குடியிருப்பாகவே பிறந்தது.

குளிர்ந்த காற்றும், தம் மொழி பேசும் நண்பரும், பிள்ளைகளுக்கு விளையாட்டுத் தோழரும் அங்கே கிடைத்தனர். அது குற்றமன்று. நோயாளிக்கு மருந்தைப் போல அது அவர்களுக்கு வேண்டியிருந்தது. ஆனால் மலைமேலே கழித்த விடுமுறை உடலைத் தேற்றியதேயன்றி, சமவெளியிலே ஒரு புதிய உறவைத் தந்திருக்க முடியாது. தன்னவரோடு கூடுவது இளைப்பாறுதல். பிறரோடு கூடுவது வேர்விடுதல். இளம் பருவத்திலே பரதேசம் போனவருக்கு இரண்டும் தேவை. ஒன்றிலேயே நின்றுவிட்டவர் பல்லாண்டு இருந்தும் விருந்தாளியாகவே இருப்பார்.

இன்று நம் பிள்ளைகள்

காலம் திரும்பிவிட்டது. 1847ஆம் ஆண்டு நவம்பர் மாதத்திலே அமலமரித் தியாகிகள் சபையின் முதற் குழுவினர் ஐரோப்பாவிலிருந்து காலியில் வந்திறங்கினர். ஆசியாவிலே அச்சபையின் முதற் பணித்தளம் இலங்கையே. இறங்கிய ஒரு மாதத்துக்குள் அவர்களுக்கு நத்தார் வந்தது. அறியாத நாட்டிலே, அறியாத முகங்களின் நடுவே. அவர்கள் விதைத்த சபையிலிருந்து 1971ஆம் ஆண்டு இலங்கைக் குருமார் பாகிஸ்தானுக்கும், 1973ஆம் ஆண்டு வங்காளதேசத்துக்கும் மிஷனரிமாராகச் சென்றனர். இங்கே வந்தவர்களுக்குக் கஞ்சி கொடுத்த மண், இப்போது தன் பிள்ளைகளைப் பிறர் கையிலே ஒப்படைத்து அனுப்புகின்றது.

குருமாரும் கன்னியரும் மட்டுமா? போரின் நாட்களிலே வன்னியிலிருந்து சிதறிய பிள்ளைகள் ஐரோப்பாவிலும் கனடாவிலும் எத்தனை தைப்பொங்கலை அந்நியர் வீட்டு அடுப்பிலே பொங்கியிருப்பார்கள்! 2008ஆம் ஆண்டு ஏப்ரலிலே மடு மாதாவின் திருச்சொரூபமே தன் ஆலயத்தை விட்டு இடம்பெயர்ந்து தேவன்பிட்டிக்குக் கொண்டுசெல்லப்பட்டது. அவ்வாண்டு ஆகஸ்டில்தான் மீண்டது. வீடு விட்டு வேறிடத்திலே பெருநாள் கழிப்பதன் பொருளை வன்னி மக்களுக்கு எவரும் விளக்க வேண்டியதில்லை.

இன்றைய இளம் மிஷனரிக்குக் கடிதத்துக்காக ஐந்து மாதம் காத்திருக்க வேண்டியதில்லை. கைத்தொலைபேசியிலே தாயின் முகத்தைக் காணலாம். அது பெரும் பேறுதான். ஆயினும் அதிலே ஒரு சங்கடமும் உண்டு. வீட்டாரோடு பேசிப் பேசி, அடுத்த வீட்டாரோடு பேசாமலே ஒரு பெருநாளைக் கழித்துவிட இப்போது முடியும். பான்ஸ் போட்ட தடை பழைய மிஷனரிமாரை ஊரவர்பால் திருப்பியது. இன்றோ தடையில்லாமையே சிலரை அறைக்குள் அடைத்துவிடக்கூடும்.

ஆகவே, பிறநாட்டிலே பெருநாளைக் கழிக்கும் இளையோருக்குச் சில சொல்ல விரும்புகின்றோம். அழைப்பு வந்தால் மறுக்காதீர்கள். “அவர்களுக்கு ஏன் தொல்லை?” என்று எண்ணுவது பணிவுபோலத் தோன்றினாலும், விருந்தளிப்பவரின் மகிழ்ச்சியை அது பறிக்கின்றது. வெறுங்கையோடு போகாதீர்கள், உங்கள் ஊர்ப் பலகாரம் ஒன்றைச் செய்யத் தெரிந்துகொண்டு போங்கள். அடுப்படியிலே உதவி செய்யுங்கள். அந்த ஊர்ப் பாஷையிலே நாலு சொல் பிழையாகவேனும் பேசுங்கள். பிழையைத் திருத்தும்போது வீட்டார் உங்களைத் தம் பிள்ளையாக ஏற்றுக்கொள்வர். வீட்டுக்குப் பேசும்போது அழுகை வந்தால் அழுதுவிடுங்கள். பின்னர் முகங்கழுவிக்கொண்டு வெளியே வாருங்கள்.

இங்கே இருப்பவர்களுக்கும் சொல்ல உண்டு. நம் ஊர்களுக்கும் பிற மாவட்டங்களிலிருந்தும் பிற நாடுகளிலிருந்தும் இளம் குருமார், கன்னியர், போதகர், ஆசிரியர், தாதியர் வந்து தங்குகின்றனர். நத்தாரன்று நள்ளிரவுப் பூசையை நடத்தும் இளங்குருவைச் சுற்றி ஊரே நிற்கும். பூசை முடிந்து யாவரும் தத்தம் வீட்டுக்குப் போனபின், அறைக் கதவைத் திறந்து தனியே உள்ளே போகும் அவரை எவரும் காண்பதில்லை. அடுத்த நாள் காலையிலே ஒரு பலகாரத் தட்டை அனுப்புவதோடு நம் கடமை முடிந்துவிடாது. “ஐயா, இன்றைக்குச் சாப்பாடு எங்கள் வீட்டில், நீங்கள் வந்தால்தான் நாங்கள் இலை போடுவோம்” என்று நேரிலே போய்ச் சொல்ல வேண்டும். நத்தார்ப் பலகாரம் சைவ வீட்டுக்கும், தீபாவளிப் பலகாரம் கிறிஸ்தவ வீட்டுக்கும் போய்வரும் வழக்கம் நம்மிடையே நெடுநாளாக உள்ளது. தட்டு போகும் வழியிலே ஆளும் போனால் என்ன?

வன்னியிலே நத்தார் வருவது மாரியிலே. குளங்கள் நிறைந்து வான் பாயும் காலம் அது. பனி விழும் நாட்டிலிருந்து வந்த ஓர் இளைஞன் அந்த மழையைக் கண்டு தன் ஊரை நினைத்து வருந்தலாம். அவ்வேளையிலே அருகிலிருந்து, “இந்த மழை நல்ல மழை, தம்பி, இம்முறை விளைச்சல் நன்றாயிருக்கும்” என்று சொல்ல ஒருவர் இருந்தால், அவன் ஏக்கம் தணியும். அடுத்த ஆண்டு அதே மழையைக் கண்டு அவனே மற்றொருவருக்கு அதைச் சொல்லுவான்.

எங்கோ ஒரு நாட்டிலே நம் பிள்ளைக்கும் இதேபோல ஒரு கதவு திறக்க வேண்டுமென்றால், நாம் இங்கே ஒரு கதவைத் திறந்து வைப்போம். வரும் பெருநாளிலே உங்கள் வீட்டுப் பந்தியில் ஓர் இலை கூடுதலாக விழட்டும்.